துவக்குக் கடையில் என் பன்றி உத்தியோகம்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்று வளர்த்தது மூன்று. இத்தாலியில், பலேர்மோ நகரத்து லிபெர்த்தா வீதிப் பெரிய வீடுகளில் சம்பளத்துக்கு வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று இப்போது நீதிபதி, ஒன்று பல் வைத்தியர். வீதியில் என்னைக் கண்டால் இரண்டும் சட்டென்று வேறு பக்கம் பார்க்கும். நல்ல வளர்ப்பு. நான் வளர்த்ததுதானே.

கோயில் மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி பாதர் கேட்டார். எங்கள் பங்கிலுள்ள மற்றப் பெண்கள் எல்லோரும் கிழவிகளைக் குளிக்க வார்த்ததை எழுதுவார்கள். நானும் வார்த்திருக்கிறேன். அதை எழுத ஆள் நிறைய இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான், என் எழுத்து நண்டு நடந்த மணல் மாதிரி. என்றாலும் பலேர்மோவில் பன்றி வேலை பார்த்த மன்னார்ப் பெண் நான் ஒருத்திதான். இதை நான் எழுதாவிட்டால் ஒருவரும் எழுதப்போவதில்லை.

அண்மையில் பொலிதேயாமாத் தியேட்டர்ப் பக்கம் போனபோது பழைய கடைக்குள் எட்டிப் பார்த்தேன். வேட்டைத் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, விற்கிற கடை. உள்ளே சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. திரைக்குள் ஒரு பன்றி காட்டுக்குள்ளால் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்தி, நிரோஷா, சொன்னாள்:

"அன்ரி, உங்கட வேலையை இப்ப இதுதான் செய்யுது."

பார்த்தேன். என்னைவிடக் கொழுத்த பன்றி. மத்தியானச் சாப்பாடு கேட்காது, முழங்கால் நோகிறது என்று சொல்லாது. நல்ல உத்தியோகத்தர்.

"அன்ரி, பெரிய மிருக வேட்டைக்கு எந்த ஒத்திக்கா நல்லது எண்டு ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். ஒத்திக்கா என்பது துவக்கின் முதுகில் பூட்டுகிற தொலைநோக்கி. நான் குழல் என்று சொல்லுவேன், பார்க்கக் குழல் மாதிரித்தான் இருக்கிறது. அவளுக்கு அன்று பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை, பஸ் வந்துவிட்டது. ஆறுதலாக இங்கே சொல்லுகிறேன்.

அந்தக் கடை சின்யோரா அகாத்தாவுடையது. புருஷன் செத்த நாளிலிருந்து கறுப்பு உடுப்பு, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி, என் தோள் உயரம். அவவின் தங்கை வீட்டில் நான் வேலை செய்தேன். தங்கை வெளியூர் போனபோது, பழைய அலுமாரியைக் கொடுக்கிற மாதிரி என்னை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனா. என் பெயர் ஞானசவுந்தரி. "அது நீளம், நீ மரியா" என்றா சின்யோரா. இந்த ஊரில் எங்களுக்கு வேலை கிடைக்க முதல் பெயர் கிடைத்துவிடும்.

முதலில் நிலம் துடைத்தேன். பிறகு குழல் துடைத்தேன். நிலம் துடைக்க ஒருவரும் பழக்கவில்லை, குழல் துடைக்கச் சின்யோரா பக்கத்தில் நின்று பழக்கினா. முதலில் றப்பர்ப் பந்தால் காற்று அடித்துத் தூசியைக் கலைக்கவேண்டும். பிறகு மயிர்த் தூரிகை. அதற்குப் பிறகுதான் மெல்லிய துணி, நடுவிலிருந்து வட்டமாக வெளியே. வாயால் ஊதக்கூடாது, உடுப்பால் துடைக்கக்கூடாது. நான் இப்படிப் பிள்ளையைப் போலத் துடைத்து வைப்பதை, துரைமார் வந்து தும்மிய கைலேஞ்சியால் தேய்த்துப் பார்ப்பார்கள்.

துவக்கைத் தொட எனக்கு அனுமதியில்லை. லைசென்ஸ் இல்லாதவர்கள் விரல் வைக்கக்கூடாது. குழலுக்கு லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். அது எனக்கு நல்லதாகவே பட்டது. ஊரில் எனக்குத் துவக்கு நீட்டியவர்கள் ஒருவரும் அதன்மேல் குழல் பூட்டியிருக்கவில்லை. அவ்வளவு கிட்ட நின்று நீட்டினார்கள்.

கடைக்குள் வருகிற ஆண்களுக்கு ஒரே கேள்விதான்: இது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்? பத்து மடங்கு என்றால் பன்னிரண்டு இல்லையா என்பார்கள். பன்னிரண்டைக் காட்டினால் பதினாறு. சின்யோரா இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் சொல்லுகிறேன்: "மிருகமே பெரிசு. பிறகேன் அதைப் பெருப்பிக்கிறீங்கள்?"

விஷயம் இதுதான். அதிகம் பெருக்கினால் பார்க்கிற இடம் சுருங்கிவிடும். பற்றைக்குள்ளால் பன்றி பாய்ந்து வரும்போது குழலுக்குள் ஒரு இலை மட்டும் தெரியும், நல்ல வடிவான இலை. வீடு கட்டுகிற முதலாளி ஒருவர் ஆபிரிக்காவுக்கு எருமை சுடப் போனார். சொல்லச் சொல்லக் கேட்காமல் மிகப் பெரிய குழலை வாங்கிக்கொண்டு போனார். எருமை கிட்ட வந்தபோது அவருக்குக் குழலுக்குள் கறுப்பு மயிர் தெரிந்ததாம். எருமையின் எந்தப் பக்கத்து மயிர் என்று மட்டும் தெரியவில்லையாம். அது போதாதென்று கண்ணைக் குழலோடு ஒட்டி வைத்துச் சுட்டிருக்கிறார். பெரிய துவக்குப் பின்னால் உதைக்கும். குழலுக்கும் கண்ணுக்கும் இடையில் நான்கு விரல் இடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குழலின் விளிம்பு புருவத்தில் அரைச் சந்திரன் வெட்டும். அவர் அரைச் சந்திரனோடு திரும்பி வந்து, எருமை கொம்பால் கீறியது என்று பொலிதேயாமா முழுக்கக் கதை சொன்னார். நாங்கள் இருவரும் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனி என் உத்தியோகத்துக்கு வருகிறேன்.

கடைக்குப் பின்னால் மேலே மூடிய நீள முற்றம் ஒன்று இருந்தது. பட்டப்பகலிலும் கருக்கல் மாதிரித்தான் வெளிச்சம். அதன் மறு முனையில் ஒலிவ் பழம் பொறுக்க நிலத்தில் விரிக்கிற பச்சை வலைகளைச் சின்யோரா தொங்கவிட்டிருந்தா. அதுதான் காடு. சின்யோராவின் புருஷன் வால்நட் மரத்தில் ஒரு துவக்குச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஈயம் வைத்து உண்மைத் துவக்கின் பாரம். விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், வேறொன்றும் வராது. குழல் வாங்க வருகிறவர் அந்த மரத் துவக்கில் குழலைப் பூட்டிக்கொண்டு முற்றத்தின் இந்தப் பக்கம் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். திறந்தவுடன் முழு வட்டமும் தெரிந்தால் குழல் அவருக்குப் பொருந்துகிறது. ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு பன்றி வரும்.

முந்தின காலத்தில் புருஷன்தான் பன்றி. அவருக்குப் பிறகு அவர்களுடைய நாய். நாய்க்கு வயதுபோய்ப் படுத்துவிட, அந்தப் பதவி எனக்கு வந்தது. மண்ணிறக் கம்பளத்தைப் போர்த்துக்கொண்டு, குனிந்து, வலைகளுக்குப் பின்னால் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகவேண்டும். அப்போது டிக் என்று இழுக்கலாம். சிலவேளை கம்பளம் இல்லாமல், நிமிர்ந்து, மனுஷியாகப் போவேன். அப்போது இழுக்கக்கூடாது. எப்போது பன்றி, எப்போது மனுஷி என்பதை நான்தான் தீர்மானிப்பேன். அந்தக் கடையில் என் அதிகாரம் அவ்வளவுதான், ஆனால் அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

டிக் சத்தம் கேட்டதும் சின்யோரா கூப்பிடுவா: "மரியா, உயிரோடை இருக்கிறியா?"

கம்பளத்தோடு போனபோது சுட்டிருந்தால், "பன்றி செத்துது சின்யோரா" என்பேன். கம்பளம் இல்லாமல் போனபோது சுட்டிருந்தால், "நான் செத்துப்போனன் சின்யோரா" என்பேன்.

எத்தனை தரம் செத்தேன் என்று கணக்கில்லை. வைத்தியர்கள் சுட்டிருக்கிறார்கள், பேராசிரியர் ஒருவர் சுட்டிருக்கிறார், பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்த குருவானவர் ஒருவரும் சுட்டிருக்கிறார். இந்த நகரத்துப் பெரிய மனிதருக்குக் கம்பளம் போர்த்த நானும் போர்க்காத நானும் பெரிய வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. அப்படிச் சுட்டவர்களுக்குச் சின்யோரா கூடப் பெருக்குகிற குழலைக் கொடுக்கமாட்டா. குறையப் பெருக்கி அகலமாகக் காட்டுகிறதைக் கையில் கொடுத்து, "முதல்ல முழு உடம்பையும் பாருங்கோ. தலை எங்கை, கால் எங்கை, கையிலை வாளி இருக்கோ எண்டு பாருங்கோ. பிறகு இழுங்கோ" என்பா.

சின்யோரா ஒருவருக்கும் இல்லை, முடியாது என்று சொன்னதை நான் கேட்டதில்லை. பிடிக்காத கதை கேட்டால் மேசைக் கண்ணாடியைத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பா. எவ்வளவு பிடிக்கவில்லையோ அவ்வளவு பெரிய வட்டம். வட்டத்தைப் பார்த்தே நான் ஆளை அளந்துவிடுவேன்.

இனி அப்புக்காத்தர் கதை.

இந்த ஊரில் அவ்வொக்காத்தோ என்பார்கள். எங்கள் ஊர் அப்புக்காத்துத்தான், கோட்டில் வழக்குப் பேசுகிறவர். வயதுபோன, பெரிய பெயர் எடுத்த அப்புக்காத்து. மதோனியே மலையில் அவருக்கு ஒரு வீடும் ஒலிவ் தோட்டமும் இருந்தன. என் மூத்தவன் யேசுதாசன் அவரிடம்தான் வேலை. கார் ஓட்டுவான், தோட்டம் பார்ப்பான். பன்றி வேட்டைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் விரட்டுகாரனாகவும் போவான். வேட்டைக்காரர்கள் துவக்கோடு ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் நிற்பார்கள். விரட்டுகாரர்கள் நாய்களோடு பற்றைக்குள் இறங்கி, தகரம் தட்டிக் கூச்சல் போட்டு, பன்றிகளை அவர்கள் பக்கம் துரத்துவார்கள். அதாவது பன்றியும் என் மகனும் ஒரே பற்றைக்குள்ளிருந்து வெளியே வருவார்கள்.

ஒரு ஞாயிறு யேசுதாசன் சேற்றோடு வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. அப்புக்காத்தர் நாயைச் சுட்டுவிட்டாராம். இவன்தான் புதைத்தானாம்.

"பன்றி எண்டு நினைச்சிட்டார் அம்மா. நாய் பற்றைக்குள்ளை நிண்டது."

"நீ எங்கை நிண்டனி?"

"நானும் பற்றைக்குள்ளைதான்."

"அப்ப நாய்க்குப் பிறகு ஆரின்ரை முறை?"

"சும்மா இருங்கோ. குழல் பழசு எண்டு சொல்லுறார். புதுசு வாங்கப்போறாராம்."

"இனிப் போகாதை மோனை."

"போகாட்டி கொந்த்ராத்து இல்லை. கொந்த்ராத்து இல்லாட்டி பெர்மெஸ்ஸோ இல்லை. போனா, சுடுபட்டாலும் பேப்பரோடை சுடுபடலாம்."

கொந்த்ராத்து என்பது வேலை ஒப்பந்தம், பெர்மெஸ்ஸோ இந்த நாட்டில் இருக்க விடுகிற பேப்பர். இவனுக்கு இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று ஊரில் உள்ளவர்கள் என்னைக் கேட்பதில்லை.

அந்தக் கிழமையே அப்புக்காத்தர் கடைக்கு வந்தார். யேசுதாசன் காரைப் பக்கத்து ஒழுங்கையில் விட்டுவிட்டு அதில் சாய்ந்து நின்றான். அடுத்த ஞாயிறு மறுபடி வேட்டை. அப்புக்காத்தர் உள்ளே வந்து, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்ததில் மிகப் பெரியதைக் காட்டி, "அது" என்றார். முன்வாய் தேநீர்க் கோப்பை அளவு இருக்கும். சின்யோரா மேசையைத் துடைக்கத் தொடங்கினா.

"அது தூரத்திலை மேயிற மானுக்கு நல்லது. நீங்கள் பற்றைக்குள்ளாலை ஓடுற பன்றிக்கெல்லோ போறீங்கள்."

"நான் பெரிய மிருகம் சுடுறவன், சின்யோரா. பெரிய குழல்தான் வேணும்."

மரத் துவக்கில் பூட்டிக் கொடுத்தா. நான் கம்பளத்தைப் போர்த்துக்கொண்டு புறப்பட்டேன். வலைக்குப் பின்னால் வழக்கம்போலப் போனேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து மெதுவாகப் போனேன். மூன்றாம் தரம் நடுவில் நின்று இருமிக்கூடக் காட்டினேன். எந்தக் காட்டிலும் இவ்வளவு மரியாதையான பன்றி கிடைக்காது. நான் வலப்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்று மூச்சு வாங்கும்போது டிக் என்றது. வெறும் வலையைச் சுட்டிருக்கிறார்.

கம்பளத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தேன். டிக்.

"மரியா, உயிரோடை இருக்கிறியா?"

"செத்துப்போனன் சின்யோரா."

"இருட்டு. பொம்பிளையும் பன்றியும் ஒரே உயரம்" என்றார் அப்புக்காத்தர்.

சின்யோரா குறையப் பெருக்குகிற அகலக் குழலை மாற்றிப் பூட்டினா. இது பொடியன்களின் சாமான் என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்கினார். நான் மறுபடி மனுஷியாக, இந்த முறை கையையும் ஆட்டிக்கொண்டு போனேன். டிக். அப்போதுதான் எனக்கு விளங்கியது, குழலில் ஒரு பிழையும் இல்லை என்று. சின்யோராவுக்கும் விளங்கியிருக்கவேண்டும். மேசை அங்கே இல்லாததால், அவ தன் கறுப்புப் பாவாடையை வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டு நின்றா. ஆனால் ஒரு அப்புக்காத்தரைப் பார்த்து உமக்குக் கண் போய்விட்டது என்று பலேர்மோவில் யார் சொல்லுவார்கள்? அவருடைய கண் வைத்தியரே சொல்லியிருக்கமாட்டார்.

"பெரிசையே தாங்கோ. கடைசியா ஒருக்காப் பாக்கிறன்" என்றார்.

நான் பக்கக் கதவால் ஒழுங்கைக்குப் போனேன்.

"தம்பி, இஞ்சை வா. உந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அங்காலை தண்ணிப் பைப்படிக்குப் போ."

"நான் அவரின்ரை ட்ரைவர் அம்மா. கடைக்கு வேலைக்காரன் இல்லை."

"பெத்தவளுக்கு வாளி தூக்கினா உன்ரை பெர்மெஸ்ஸோவைப் பறிக்கமாட்டாங்கள். நட."

அன்று அவன் போட்டிருந்தது வெள்ளைச் சேட்டு. அப்புக்காத்தரின் மனைவிக்கு ட்ரைவர் வெள்ளைச் சேட்டுப் போடவேண்டும். வாளியோடு, நிமிர்ந்து, சலித்த முகத்தோடு வலைக்குப் பின்னால் நடந்தான். நான் இடப்பக்கத்தில் நின்றேன். மரத்துண்டுதான், உள்ளே ஈயம்தான், சத்தம் மட்டும்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

டிக்.

"தோள்பட்டை!" அப்புக்காத்தர் துள்ளினார். "பாத்தீங்களே? சரியாத் தோள்பட்டையிலை! இதுதான் குழல்!"

சின்யோரா வழக்கம்போலக் கூப்பிட்டா: "மரியா, உயிரோடை இருக்கிறியா?"

"நான் இருக்கிறன் சின்யோரா. செத்தது என்ரை மகன்."

சின்யோரா லைற்றைப் போட்டா. யேசுதாசன் வலைக்குப் பின்னால் வாளியோடு நின்றான். அப்புக்காத்தரின் கண் இன்னும் குழலில்தான் இருந்தது, விரல் விசையில்தான் இருந்தது. யேசுதாசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வாளியைக் கீழே வைக்கவும் இல்லை.

அப்புக்காத்தர் தலையை நிமிர்த்தினார். "நீ ஏன் அங்கை போனனி?"

"வாளி தூக்க, அவ்வொக்காத்தோ."

பிறகு அவர் மரத் துவக்கைச் சின்யோராவிடம் நீட்டினார். "குழல் சரியில்லை."

மன்னிப்பு வருமென்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அவர்கள் அப்புக்காத்துகளோடு பழகாதவர்கள்.

சின்யோரா பாவாடையிலிருந்து கையை எடுத்தா. "நீங்கள் சொல்லுறது சரி. இது உங்கட தரத்துக்குச் சின்னன்."

கடைக்குள் போய், முன்கண்ணாடியில் அழகுக்கு வைத்திருந்த ஒன்றை என்னையும் உதவிக்குக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தா. மூன்று கால் வைத்த பெரிய தொலைநோக்கி. மலையில் நின்று அடுத்த மலையைப் பார்க்கிற சாமான். என் மூன்றாவது பிள்ளை பிறந்தபோது இருந்த பாரம் இருக்கும்.

அப்புக்காத்தரின் கண் விரிந்தது. "இது எத்தனை மடங்கு?"

"அறுபது."

"துவக்கிலை எப்பிடிப் பூட்டுறது?"

"துவக்கிலை பூட்டுறதில்லை. சுட்டுச் சுட்டு அலுத்த பெரிய வேட்டைக்காரர் வைச்சிருக்கிறது. அவை மலையிலை கதிரை போட்டிருந்து, எங்கை விரட்டுறது, ஆர் சுடுறது எண்டு கட்டளை குடுப்பினம். மற்றவை ஓடுவினம். இதை வைச்சிருக்கிறவர் துவக்கைத் தொடமாட்டார், அது மரியாதை இல்லை." பிறகு யேசுதாசனைப் பார்த்தா. "இதைத் தூக்கித் திருப்ப, பக்கத்திலை பலமான ஆள் ஒண்டு எப்பவும் நிக்கவேணும். பற்றைக்குள்ளை விட ஏலாது."

கடை வாசலில் நிறுத்திவைத்து, தியேட்டர் கூரையிலுள்ள வெண்கலக் குதிரைகளைப் பாருங்கள் என்றா. அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "பல்லுக்கூடத் தெரியுது" என்றார். தொலைநோக்கி எதிர்ப்பக்கத்துச் சப்பாத்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவான பல்லு என்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து யேசுதாசன் சாப்பிட்டான். கை கழுவும்போது, "அம்மா, நான் போட்டிருந்தது வெள்ளைச் சேட்டு" என்றான். நான் துவாயைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு பூசையில் நான் அப்புக்காத்தரின் கண்ணுக்காக மன்றாடவில்லை. கண்ணை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மூன்று காலும் முறியாமல் நிற்கவேண்டும் என்றுதான் கேட்டேன். நின்றது. அப்புக்காத்தர் மலையில் கதிரையில் இருந்து, தெரியாத பன்றிகளைக் காட்டிக் கட்டளை போட்டார். கீழே நின்றவர்கள் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டுக்குச் சுட்டார்கள். யேசுதாசன் பக்கத்தில் நின்று தொலைநோக்கியைத் திருப்பினான். அவர் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பாத காலம் வரும்வரைக்கும் திருப்பினான். கொந்த்ராத்தும் இருந்தது, பெர்மெஸ்ஸோவும் வந்தது. மற்ற வேட்டைக்காரர்கள் சின்யோராவுக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பினார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பாதியை நான் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் காய்ச்சினேன். சின்யோரா அழுது அழுது சாப்பிட்டா. உறைப்புத்தான் காரணம் என்றா.

நிரோஷா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பெரிய மிருகத்துக்குக் குறையப் பெருக்கி அகலமாகக் காட்டுகிற குழலைக் கொடு. கண்ணுக்கும் குழலுக்கும் நான்கு விரல் இடம் விடச் சொல்லு. பதினாறு மடங்கு கேட்டு அடம்பிடிக்கிறவரிடம், உங்கள் பிள்ளையை ஒருக்கால் குறுக்கே நடக்கவிட்டுப் பார்ப்போமா என்று கேள். திரைப் பன்றியை வைத்து அதைச் செய்ய ஏலாது.

யேசுதாசனைக் கேட்டால் இந்தக் கதையே வேறு மாதிரி. "அவர் பகிடிக்கு இழுத்தவர் அம்மா. நான் எண்டு தெரிஞ்சுதான் இழுத்தவர்" என்பான். தெரிந்து சுட்டாரென்றால் இன்னும் நல்ல முதலாளிதான். அந்த வெள்ளைச் சேட்டை அவன் பிறகு போடவில்லை என்பதைச் சொன்னால், இறுக்கமாகப் போய்விட்டது என்பான். எனக்கு வழக்குப் பேச நேரமில்லை.

முடிந்தது. யேசுதாசனின் மகள் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். என் நண்டெழுத்து விளங்குகிறதாம்.

"வாசி பிள்ளை, முதலிலை இருந்து. பிழை கண்டா திருத்தாதை. உன்ரை அப்பர் படியேறுற சத்தம் கேட்டா மட்டும் நிப்பாட்டு."